கொடுங்கோல் என்ற சொல்லை நான் படித்த விதம்

தமிழில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முதல் முறை எழுதியபோது 'கொடுங்கோன்மை: அடக்குமுறை ஆட்சி' என்று ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேள்வியில் வந்ததோ கொடுமரம். கொடிய மரம்தானே, ஏதோ நச்சு மரமாக இருக்கும் என்று குறித்துவிட்டு வந்தேன். விடை வில்.

அப்புறம் அகராதியைப் புரட்டியபோதுதான் கொடுமைக்கு வளைவு என்றும் பொருள் இருப்பது தெரிந்தது. வளைந்த மரம் வில், வளைந்த வாள் கொடுவாள், உடம்பில் வளைந்த வரிகள் ஓடுவதால் புலிக்குக் கொடுவரி என்று பெயர். கொடுங்கோலும் அதே வரிசைதான், நேராக நிற்க வேண்டிய கோல் வளைந்துபோனது. இது புரிந்தபின் சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையைப் படித்துப் பாருங்கள். வல்வினை வளைத்த கோலைப் பாண்டியன் போகும் தன் உயிரால் நிமிர்த்திச் செங்கோல் ஆக்கினான் என்று சேர அரசன் செங்குட்டுவன் சொல்லும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொருள் பட்டியலில் இருந்து இது கிடைக்காது.

குறளில் 552-ஐக் கட்டாயம் படியுங்கள்:

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

இதில் 'இரவு' என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ராத்திரி இல்லை, இரத்தல், அதாவது கேட்டு வாங்குவது. வழிப்பறிக்காரன் வேலை நீட்டிக் 'கொடு' என்கிறான், அரசனோ கோலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான், கேட்கிற விதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் எதிரே நிற்பவனால் மறுக்க முடியுமா? அதட்டல், மிரட்டல் எதுவும் இல்லாமலே அதிகாரம் எப்படி அழுத்தும் என்பதை இரண்டே அடியில் சொல்லிவிட்டார்.

இலக்கணத்தில் ஒரு இடம் கவனம். செங்கோல், கொடுங்கோல் இரண்டும் பண்புத்தொகை, அதாவது பண்பைச் சொல்லும் சொல்லோடு ஒரு பெயர் சேர்ந்தவை, இரண்டிலும் ஈறு போதல், அதாவது கடைசி 'மை' போவது உண்டு, அதனால் விதி ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். செம்மையில் 'மை' போனதும் மிஞ்சும் 'செம்' என்பதில் உள்ள மகரம் ஙகரமாகிறது, அது முன்னின்ற மெய் திரிதல். கொடுமையில் மிஞ்சுவது 'கொடு' மட்டும், அங்கே 'கோல்' என்பதன் ககரத்துக்கு இனமான ஙகரம் புதிதாக வந்து சேர்கிறது, அது இனமிகல். இந்த விதிகளைச் சொல்லும் நன்னூல் 136-ஆம் நூற்பாவை இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் ஒரே நாளில் பதிந்துவிடும்.

சரி, குறளில் 55, 56, 57 ஆகிய மூன்று அதிகாரங்களையும் தனித்தனியாகப் படிக்காமல் ஒரே மூச்சில் படியுங்கள்: செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை.