பத்து மணித் தேத்தண்ணி

"பத்து மணித் தேத்தண்ணியில மட்டும் ரெண்டு கரண்டி சீனி போட்டுக்கங்கம்மா. மத்த நேரத்துக்கு வேணாம்."

சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்தெடுக்கும் ஓர் அம்மாவிடம், கிளினிக் வரிசைக்கு முன்னால் வைத்து நான் சொன்னது இது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். அவர் கொப்பியை வாங்கிக்கொண்டு போனதும் பக்கத்து மேசைச் சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்த அம்மாவுக்கு நீங்க சொன்னது சரியாவே இருக்கலாம். ஆனா கேட்டுக்கிட்டு இருந்தது அவ ஒருத்தி மட்டும் இல்லையே."

இந்த இரண்டு பேச்சையும் இன்னமும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் தாழ்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா சொன்ன முறைப்பாடு சின்னது. "சீனிய நிப்பாட்டினதுல இருந்து பத்து மணிக்கு முன்னுக்கே கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க மிஸ். கை ஓட மாட்டேங்குது." இப்படி ஒருவர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரையின் பெயரை. கொப்பியில் மெட்ஃபோர்மினோடு க்ளிக்ளசைட்டும் இருந்தது. அடுத்த கேள்வி, எப்போது எடுக்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பது. விடிய ஐந்து மணிக்கு வெறும் சாயத் தண்ணியோடு மாத்திரை. சமைத்து, பேரப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விட்டு, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், மலையேறி, கொழுந்தெடுத்து, பத்து மணிக்குத்தான் முதல் வாய் ரொட்டி. அதுவரை வயிற்றில் எதுவும் இல்லை.

மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. க்ளிக்ளசைட், கிளிபென்கிளமைட் வகை அப்படியல்ல. சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் அவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். போதாததற்கு, வேலை செய்கிற தசை தன் பங்குக்கும் இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். மாத்திரை, வெறும் வயிறு, மலையேற்றம் மூன்றும் ஒரே காலையில் சேர்ந்தால் இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முன்பெல்லாம் அந்த அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது விடியக்காலைத் தேத்தண்ணியின் சீனிதான். கிளினிக் சொல்லித்தான் அதை நிறுத்தினார். மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் அதோடு சேர்த்து மாற்றச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

சிஸ்டரின் வாதம் தெளிவானது. இறங்கிய சீனியை ஏற்றுவதற்குக் கொடுக்கும் சீனி மருந்து. அதை அளந்து, தேவைப்படும் நேரத்தில் மட்டும் கொடுக்க வேண்டும்: மட்டமாக மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் உட்கார்ந்திருந்து பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்பவும் இறங்கும். நினைவில்லாமல் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பிஸ்கட், சொக்லட் வேண்டாம், அவற்றிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். இத்தனையும் எனக்கும் உடன்பாடுதான். மருந்தைத் தினசரித் தேத்தண்ணிக்குள் போட்டுவிட்டால் அது மருந்தாக இருக்காது, பழக்கமாகிவிடும் என்பது சிஸ்டரின் பயம்.

ஆனால், "தேவைப்படும் நேரம்" என்பதை மலையில் நிற்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சீனி இறங்குவதன் அடையாளங்கள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல். கொழுந்துப் பையோடு சரிவில் ஏறி இறங்கும் ஒருவருக்கு வேலையே இந்த ஐந்தையும் தந்துவிடுகிறது. பிரஷருக்கு அட்டெனோலோல் போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். பனி மூடிய காலையில் நின்ற இடத்தில் குளிர்ந்த வியர்வை வந்தால் சந்தேகப்படுங்கள் என்று சொல்லிக் கொடுக்கலாம். சொல்லியும் கொடுக்கிறோம். அப்போதும் அவர் இன்னும் நாலு செடி முடித்துவிட்டு உட்காருவோம் என்றுதான் நினைப்பார். மடுவத்தில் நிறுவை இருக்கிறது, 18 கிலோ என்று தோட்டம் வைத்த கணக்கு இருக்கிறது, குறைந்தால் சம்பளத்தில் தெரியும். கான் (வடிகால்) ஓரத்தில் தலை சுற்றி விழுந்தால் கால் முறியும். ஆகவே டொக்டர் வந்து மாத்திரையைப் பார்க்கும்வரை பத்து மணித் தேத்தண்ணியில் அந்த 10 கிராம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். கொப்பியில் டொக்டருக்குக் குறிப்பும் எழுதினேன்.

கணக்காகப் பார்த்தாலும் எனக்கு நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 50 கிராம் சீனி. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பு அது, அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்றும் அது சொல்கிறது. ஐந்தில் நாலை நிறுத்தி 10 கிராமுக்குக் கொண்டுவருவது சின்ன விஷயமல்ல. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த அம்மாவின் பையில் இருந்த இரண்டு ரொட்டிக்கும் சேர்த்து 200 கிராம் கோதுமை மாவாவது பிடித்திருக்கும். அதில் மாச்சத்து மட்டும் 150 கிராம். எல்லாம் கடைசியில் குளுக்கோசாகத்தான் இரத்தத்துக்கு வருகிறது. சிஸ்டரும் நானும் 10 கிராமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், 150 கிராம் பைக்குள் பேசாமல் இருந்தது.

ரொட்டியை விடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கையில் பிடித்துச் சாப்பிட, மலைக்குக் கொண்டுபோக, கறியில்லாமல் சம்பலோடு முடிக்க அதைப்போல் வேறொன்று இல்லை. மாற்றக்கூடியது கனத்தையும் கலவையையும். இரண்டு ரொட்டிக்கு 200 கிராமுக்குப் பதிலாக 130, 140 கிராம் மா. குறையும் பங்குக்குத் துருவிய கரட், பொடியாக அரிந்த நோக்கோல் இலை, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் இந்த இலைகளைக் கழித்துத்தான் போடுகிறார்கள், கேட்டால் கிடைக்கும். மரக்கறி தண்ணீர் விடும் என்பதால் முதலில் மாவோடு பிசறி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகுதான் சுடுதண்ணீரைத் தெளிக்க வேண்டும், முதலிலேயே ஊற்றினால் மா கையோடு ஒட்டும், ஒட்டுகிறதே என்று மேலும் மா போடுவோம், குறைத்த மா திரும்பி வந்துவிடும். மெல்லிசாகத் தட்டினால் பத்து மணிக்குள் குளிரில் தோலாக விறைத்துப்போகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. அதற்கு ஒரு பிடி தேங்காய்ப்பூவும், சுட்டவுடன் துணியில் சுற்றி வைப்பதும் போதும். பொலித்தீன் பையில் சூட்டோடு போட்டால் வியர்த்து நைந்துவிடும். குரக்கன் மா கலந்தால் நார்ச்சத்து கூடும், நல்லதுதான். ஆனால் குரக்கனிலும் மாச்சத்து ஏறக்குறைய கோதுமை அளவுக்கே இருக்கிறது. குரக்கன் என்பதற்காக எண்ணிக்கையைக் கூட்ட முடியாது.

ரொட்டியோடு போக வேண்டியது பருப்பு. ஆளுக்கு 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6. முதல்நாள் ஊறவைத்து அவித்த கௌபியோ கடலையோ ஒரு பிடி இருந்தால் பத்து மணிப் பசியை அது தாங்கும். நெத்தலிக் கருவாடு மலிவான புரதம், உப்புத்தான் இடைஞ்சல். அரை மணி நேரம் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குழம்புக்கு வேறு உப்புப் போடக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, 5 கிராமுக்குள், அதற்குள் சம்பல் உப்பும் அடக்கம். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். இரத்தம் குறைந்த பெண்கள் இவ்வளவு பேர் உள்ள இடத்தில் இதைச் சீனிக்குச் சமமாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் ஒன்றாகத்தான் வருகின்றன, இருப்பது ஒரே இடைவேளை. அதை எப்படிப் பிரிப்பது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆகவே அந்த அம்மாவுக்குச் சொன்னவற்றில் முக்கியமானது சீனியல்ல. ஒரு ரொட்டியைப் பெரட்டுக்குப் போகுமுன் வீட்டிலேயே சாப்பிடுங்கள், ரொட்டி தட்டில் வந்த பிறகுதான் மாத்திரை கையில் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். அதைத்தான் நான் அதிக நேரம் விளக்கினேன். வரிசை கேட்டது சீனியை மட்டும்.

அடுத்த கிளினிக்கில் அது தெரிந்தது. பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் ஓர் அக்கா, சீனி ஏறியிருந்தது. விசாரித்தபோது எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார்: "பத்து மணிக்குப் போடலாம்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க." அவருக்கு மெட்ஃபோர்மின் மட்டும்தான். வேலையும் அதிகம் உட்கார்ந்து செய்வது. அந்தச் சீனி அவருக்கு எந்த விதத்திலும் தேவையில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யல்ல. சிஸ்டர் அப்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை, தன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் சிஸ்டர் சொன்னது சரி. ஒரே அறை, ஒரே வரிசை, ஒருவருக்குச் சொல்வதை எல்லோரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் இடத்தில் எல்லோருக்கும் பொருந்துவதை மட்டும்தான் உரத்துச் சொல்ல வேண்டும். இதை ஒப்புக்கொள்ளும்போதே மறு கேள்வி வருகிறது: எல்லோருக்கும் பொருந்துவதை மட்டும் சொன்னதால்தானே அந்த அம்மாவுக்குக் கண் இருட்டியது? "சீனியை நிறுத்துங்கள்" என்பதும் வரிசை முழுவதற்கும் சொன்ன பேச்சுத்தான்.

நடையைப் பற்றிய அறிவுரையும் இப்படித்தான். கிளினிக் தாளில் நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது, 2020இல் வந்த வழிகாட்டலில் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. இதைக் கொழுந்து மலையில் நிற்பவரிடம் வாசித்தால், "நாள் முழுக்க மலையிலதானே நிக்கிறோம்" என்பார்கள். நியாயமான பதில். வேலை நாளில் அவர்களுக்குத் தேவை நடையல்ல, ஓய்வும், முன்னுக்கு வளைந்தே நிற்கும் முதுகுக்கு நிறுவை நேரத்தில் இடுப்பில் கை வைத்துப் பின்னுக்குச் சாய்வதும்தான். ஆனால் வேலை எல்லா நாளும் கிடைப்பதில்லை. உழைப்பால் சீனி இறங்கும் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். வேலையில்லாத இரண்டாம் நாளில் அதே ரொட்டி, அதே தேத்தண்ணி, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்த உடம்பு. தாளிலுள்ள நடை அந்த நாளுக்குத்தான் பொருந்தும்: ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தோட்ட ரோட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். பத்து மணிச் சீனியும் அந்த நாளில் கூடாது. வேலை நாள், வேலையில்லா நாள் என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் இரண்டு அறிவுரை ஆகிறது. நீண்ட வரிசையில் அதற்கு நேரம் எங்கே என்று சிஸ்டர் கேட்பதும் நியாயம்தான்.

அந்த அம்மாவுக்குக் கண் இருட்டுவது நின்றுவிட்டது. வெறும் வயிற்றுச் சீனியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் முடிவு சரியென்று அதைக் காட்டலாம். ஆனால் அதற்குள் டொக்டர் க்ளிக்ளசைட்டின் அளவைக் குறைத்திருந்தார், காலை ரொட்டி வீட்டுக்கு வந்திருந்தது, நாலு தேத்தண்ணியில் சீனி போயிருந்தது. நான் அனுமதித்த இரண்டு கரண்டி இல்லாவிட்டாலும் இதே பலன் வந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மாத்திரை குறைந்த பிறகு அந்தச் சீனியை நிறுத்தச் சொன்னோம். "இப்ப வேணாங்க, பழகிருச்சு" என்று அவரே சொன்னார். பழக்கமாகிவிடும் என்று சிஸ்டர் பயந்தது அவர் விஷயத்தில் நடக்கவில்லை, காம்பரா அக்கா விஷயத்தில் நடந்தது.

இப்போது க்ளிக்ளசைட் எடுக்கும் தொழிலாளர்களை வரிசையிலிருந்து எடுத்து மருந்து ஜன்னல் பக்கமாக நிறுத்திப் பேசுகிறேன். தேத்தண்ணிக்குப் பதிலாகச் சிஸ்டர் சொன்னபடி 15 கிராம் சீனிப் பொட்டலம், மடியில் முடிந்துகொள்வதற்கு. கூட வேலை செய்யும் ஒருவருக்காவது அது எதற்கு என்று சொல்லி வையுங்கள் என்கிறோம். மழை மாதங்களில் இடுப்பில் கட்டும் படங்குக்குள்ளேயும் கடதாசி நனைந்து சீனி கரைந்துபோகிறது. மாத்திரை வரும் சின்னப் பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டுக் கொடுக்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். மாத்திரைப் போத்தலில் சீனி இருப்பதைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. மேலே "சீனி" என்று பெரிதாக எழுதி ஒட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.