ஊகித்த ஃபிரேம்கள்

புரோகிராம் எங்கே, ஏன் உடைந்தது என்று பார்க்க உதவும் எங்கள் டிபக்கரில், ஸ்டாக் ஸ்கேனிங்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று நினைவகத்தைத் துழாவி ஊகிக்கும் வசதியை) அணைத்து வைத்தவன் நான்தான். யாராவது தேடிப்போய் இயக்கினால் ஒழிய அது வேலை செய்யாது. இன்று கேட்டாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன். ஆனால் அதைப் பற்றி சப்போர்ட் டீமில் ஒருவர் என்னிடம் கேட்டதும், நான் அவருக்குச் சொன்ன பதிலும் இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. என் பதில் தவறு என்று தோன்றவில்லை. அது போதுமா என்றால், போதும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவர் கேட்டது இதுதான்: "தப்பா இருந்தாலும் பரவாயில்ல அண்ணா, ஏதாவது காட்டச் சொல்லுங்க. எது குப்பைன்னு நான் பாத்துக்கறேன்."

நான் சொன்னது: "நீங்க பாத்துக்குவீங்க. அதை அப்படியே டிக்கெட்ல ஒட்டினதுக்கப்புறம் படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேச்சு அதோடு முடியவில்லை. ஆனால் எப்போது யோசித்தாலும் இந்த இரண்டு வரிகளுக்குத்தான் திரும்ப வருகிறேன்.

பேக்ட்ரேஸ் எடுப்பது வெளியிலிருந்து பார்க்க எளிமையான வேலை. இப்போது நிற்கும் ஃபங்ஷனை யார் அழைத்தார், அவரை யார் அழைத்தார் என்று மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஏறுவதற்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: இந்த ஃபிரேம் (ஓர் அழைப்புக்கென ஒதுக்கிய பகுதி) ஸ்டாக்கில் (அழைப்புகளின் விவரம் அடுக்கப்படும் நினைவகத்தில்) எங்கே தொடங்குகிறது, ரிட்டர்ன் அட்ரஸ் (வேலை முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி) எங்கே இருக்கிறது. முன்பு ஃபிரேம் பாயின்டரைப் (ஃபிரேம் இருக்கும் இடத்தைக் காட்டும் ரிஜிஸ்டர், அதாவது பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பிடித்துக்கொண்டே போய்விடலாம். கோடை வேகமாக ஓடும்படி மாற்றும், அதாவது ஆப்டிமைஸ் செய்யும் கம்பைலர்கள் அந்த ரிஜிஸ்டரை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதும் அந்த வழி அடைபட்டது. (லினக்ஸ் பதிப்புகளில் 2023-இல் ஃபெடோரா 38-உம், அடுத்த ஆண்டு உபுண்டு 24.04-உம் ஃபிரேம் பாயின்டரை மறுபடி கொண்டுவந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.) அது இல்லாத இடத்தில், கம்பைலர் எழுதிவைக்கும் அட்டவணைதான் கதி. எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் நின்றாலும் ரிட்டர்ன் அட்ரஸ் எங்கே, சேமித்த ரிஜிஸ்டர்கள் எங்கே என்று அது சொல்லும். ஆனால் அசெம்பிளியில் கையால் எழுதிய ஃபங்ஷனுக்குக் கம்பைலர் அட்டவணை போடாது. எழுதியவரே போட வேண்டும். பலர் போடுவதில்லை.

அப்படி ஒரு ஃபங்ஷனுக்குள் க்ராஷ் ஆனால் அட்டவணையும் இல்லை, ஃபிரேம் பாயின்டரும் இல்லை. அந்த நேரத்துக்கென்று எங்கள் பழைய கோடில் இருந்ததுதான் ஸ்கேனிங். ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எட்டெட்டு பைட்டாகப் படித்துக்கொண்டே போகும். படித்த எண், புரோகிராமின் கோட் இருக்கும் பகுதிக்குள் விழுகிறதா என்று பார்க்கும். விழுந்தால், அந்த முகவரிக்குச் சற்று முன்னால் ஒரு கால் இன்ஸ்ட்ரக்ஷன் (வேறொரு ஃபங்ஷனை அழைக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், "இதுதான் ரிட்டர்ன் அட்ரஸ்" என்று ஒரு ஃபிரேமைச் சேர்த்துவிடும்.

இது பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். சிக்கலே அதில்தான்.

நான் அதை அணைத்ததற்குக் காரணமான க்ராஷை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு ஃபங்ஷன் முதலில் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் வேலையைச் செய்தது. அதற்குள் நாலைந்து அடுக்கு அழைப்புகள் நடந்து, எல்லாம் ஒழுங்காக முடிந்து திரும்பிவிட்டன. அப்புறம் அதே ஃபங்ஷன் இன்னொன்றை அழைத்தது. அந்த இரண்டாவது ஃபங்ஷனில் பெரிய லோக்கல் பஃபர் ஒன்று உண்டு. அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை. ஃபங்ஷன் திரும்பும்போது ஸ்டாக்கை யாரும் துடைப்பதில்லை என்பதால், கான்ஃபிக் படித்தபோது விழுந்த ரிட்டர்ன் அட்ரஸ்கள் அந்த பஃபருக்குள் அப்படியே கிடந்தன. அதற்கும் கீழே, அட்டவணை இல்லாத அசெம்பிளி ஃபங்ஷனில் க்ராஷ். ஸ்கேனர் அந்தப் பழைய எண்களை எடுத்து வரிசையாக ஃபிரேம் ஆக்கியது. பேக்ட்ரேஸைப் பார்த்தால் கான்ஃபிக் படிக்கும்போதே க்ராஷ் ஆனது போல அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஃபங்ஷன் பெயர்களும் லைன் நம்பர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அது உண்மையிலேயே நடந்த அழைப்பு வரிசை. க்ராஷ் நடந்த நேரத்தில் நடந்ததல்ல, அவ்வளவுதான்.

கான்ஃபிக் பகுதியைப் பார்க்கும் டீம் தங்கள் கோடில் இல்லாத ஒரு தவறைத் தேடிக்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்து டிபக்கரைக் கேட்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? டிபக்கர் சொன்னால் நம்புவதற்குத்தானே அது இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அணைத்தேன். சோதனைகள் எதுவும் உடையவில்லை; அந்தப் பகுதிக்கென்று சோதனையே கிடையாது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். கமென்ட்டில் "இது இல்லாவிட்டால் சில டம்ப்களில் ஒன்றும் தெரியாது" என்று மட்டும் எழுதியிருந்தார். எந்த டம்ப்கள் (க்ராஷ் ஆன நேரத்து நினைவகத்தின் நகல்கள்) என்று எழுதவில்லை.

எந்த டம்ப்கள் என்பது சப்போர்ட்டில் இருக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து வந்த ஒரு கோர் டம்ப்பைத் திறந்தால் ஒரே ஒரு ஃபிரேம். அதற்கு மேல் "அட்டவணை இல்லை, நிறுத்துகிறேன்" என்ற செய்தி. பழைய பதிப்பில் திறந்தால் இருபது ஃபிரேம். அதில் பாதி குப்பை, மீதியில் விஷயம் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டார். தனிக் கட்டளை ஒன்று வைத்திருக்கிறேன், அதைக் கொடுத்தால் ஸ்கேன் செய்யும் என்று சொன்னேன்.

"ராத்திரி வாடிக்கையாளர் லைன்ல இருக்கும்போது அதெல்லாம் எங்கண்ணா ஞாபகம் வரும்?" என்றார். தொடர்ந்து, நான் எதிர்பார்க்காத இடத்தில் கை வைத்தார். "பிரேக்பாயின்ட் போட்டா மெமரியில அந்த இடத்துல நம்ம பைட்தானே இருக்கு? ஆனா மெமரியைக் காட்டுன்னு கேட்டா பழைய பைட்டைத்தானே காட்டறீங்க? அப்போ உள்ளதை உள்ளபடிதான் காட்டுவோம்னு எப்படிச் சொல்றீங்க?"

கேள்வி நியாயமானது. எக்ஸ்86 பிராசஸர்களில் பிரேக்பாயின்ட் (புரோகிராமைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்த நாங்கள் வைக்கும் பொறி) என்பது இன்ஸ்ட்ரக்ஷனின் முதல் பைட்டை எடுத்துவிட்டு அங்கே சிசி என்ற ஒற்றை பைட்டை எழுதுவது. புரோகிராம் அதில் முட்டி நிற்கும்போது முகவரி ஒரு பைட் தாண்டிப் போயிருக்கும். நாங்கள் ஒன்றைக் கழித்து, தாண்டவே இல்லாதது போலக் காட்டுகிறோம். அந்த இடத்தை யார் படித்தாலும், எடுத்துவைத்த பழைய பைட்டையே தருகிறோம். பேக்ட்ரேஸிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஃபிரேமின் லைன் நம்பரைத் தேடும்போது ரிட்டர்ன் அட்ரஸை அப்படியே வைத்துத் தேட மாட்டோம், ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுவோம். காரணம், திரும்பியே வராத ஒன்றை அழைப்பதுதான் ஒரு ஃபங்ஷனின் கடைசி இன்ஸ்ட்ரக்ஷன் என்றால், ரிட்டர்ன் அட்ரஸ் பக்கத்து ஃபங்ஷனுக்குள் போய் விழும். ஆனால் சிக்னல் குறுக்கிட்டு நிறுத்திய ஃபிரேமில் கழிக்கக் கூடாது. அங்கே முகவரி துல்லியமானது. இப்படி உள்ளே எங்கு பார்த்தாலும் திருத்திச் சொல்வதுதான் நடக்கிறது. ஒரு டிபக்கரைப் பராமரிப்பதில் பெரும்பகுதி, எந்தத் திருத்தம் எந்த இடத்தில் செல்லாது என்று கண்டுபிடிப்பதுதான்.

நான் அவருக்குச் சொன்ன பதில்: "அந்த பைட்டை நாமதான் வெச்சோம், பழசு என்னன்னு நம்மகிட்ட இருக்கு. அது ஊகம் இல்ல. நம்ம கால்தடத்தை நாமளே அழிச்சுக்கறோம்." இதை இப்போதும் நம்புகிறேன். தெரிந்ததை வைத்துத் திருத்துவதும், தெரியாததை நிரப்புவதும் ஒன்றல்ல.

ஆனால் இந்த எல்லைக்கோடு நான் சொன்ன அளவுக்கு நேராக ஓடுகிறதா? ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்து பிரேக்பாயின்ட் போட்டால், ஸ்டாக்கை அமைக்கும் முதல் சில இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தாண்டித்தான் அது உட்காரும். லைன் அட்டவணை இருந்தால் அதைப் பார்த்துத் தாண்டுகிறோம். இல்லாவிட்டால் இன்ஸ்ட்ரக்ஷன்களின் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். அதை அணைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஊகம் தவறினால் பிரேக்பாயின்ட் ஓரிரு இன்ஸ்ட்ரக்ஷன் தள்ளி விழும், ஆர்கியுமென்ட்டின் (ஃபங்ஷனுக்குக் கொடுத்த தகவலின்) மதிப்பு விசித்திரமாகத் தெரியும், பார்ப்பவர் உடனே சந்தேகப்படுவார். தவறினால் தவறியது போலவே தெரிகிற ஊகம் அது. ஸ்கேனரின் ஊகமோ சரியானதைப் போலவே இருக்கிறது. நான் பயந்தது இதற்குத்தான் என்று இப்போது எழுதும்போது புரிகிறது. அன்று அவரிடம் இதைச் சொல்லவில்லை. கொள்கை பேசினேன்.

ஆப்டிமைஸ் ஆகிப்போன வேரியபிள்களிலும் இதே சண்டைதான். ஆர்கியுமென்ட் ரிஜிஸ்டரில் வந்தது. அடுத்த அழைப்பு அந்த ரிஜிஸ்டரை மிதித்துவிட்டது. மதிப்பு கிடையாது என்கிறோம். "கடைசியா இருந்த மதிப்பையாவது காட்டுங்களேன்" என்று கேட்காத ஆளே இல்லை. அங்கே ஒரு நல்ல வழி பிறந்தது. அழைத்தவரின் ஃபிரேமுக்குப் போய், அழைக்கும் இடத்தில் என்ன மதிப்பைக் கொடுத்தார் என்று கம்பைலர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து மீட்கலாம். கம்பைலர் டிபக்கருக்கு எழுதும் குறிப்புகளுக்கான தரம் ட்வார்ஃப்; 2017-இல் வந்த ட்வார்ஃப் 5 இதைத் தரத்திலேயே சேர்த்தது. அதுவும் ஒரு விதத்தில் ஊகித்துப் பெறுவதுதான், ஆனால் ஒவ்வொரு படிக்கும் சாட்சி உண்டு. கொடுத்த மதிப்புக்கும் இப்போதைய மதிப்புக்கும் வேறுபாடு இருக்கலாம் என்பதால் ஜிடிபி என்ற டிபக்கர் அதைத் தனிப் பெயரில் காட்டுகிறது. இதைப் பார்த்தபோது, ஸ்கேனிங்குக்கும் இப்படி ஒரு சாட்சி கிடைக்காதா என்று தோன்றியது.

ஏனென்றால் அவர் கொண்டுவந்த அந்த டம்ப்பைக் கடைசியில் நானேதான் கையால் பார்த்துக் கொடுத்தேன். ஸ்டாக்கை எண் எண்ணாகப் போட்டு, எவை கோட் முகவரிகள் என்று பார்த்து, முன்னால் கால் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறதா என்று பார்த்து, இது நிஜம், இது பழசு என்று பிரித்தேன். அதாவது எதை டிபக்கர் செய்யக் கூடாது என்று அணைத்தேனோ அதையே நான் உட்கார்ந்து செய்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான் கூடுதலாகச் செய்தது ஒன்று உண்டு. கால் இன்ஸ்ட்ரக்ஷன் எந்த முகவரிக்குத் தாவுகிறது என்று பார்த்தேன். அது கீழே இருக்கும் ஃபிரேமின் ஃபங்ஷனுக்கே போகிறது என்றால் நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறெங்கோ போகிறது என்றால் ஒதுக்கினேன். இதை கோடாக எழுதலாம், எழுதியும் பார்த்தேன். அப்புறம் முதலில் சொன்ன கான்ஃபிக் டம்ப்பை அதில் ஓட்டினேன். பழைய அழைப்புகள் எல்லாம் ஒன்றையொன்று உண்மையிலேயே அழைத்தவை என்பதால் அந்தச் சோதனையில் வரிசையாகத் தேறின. பழைய சங்கிலி நிஜ ஃபிரேமோடு சேரும் அந்த ஒரு முடிச்சில் மட்டும்தான் மாட்டியிருக்க வேண்டும். அங்கே இருந்தது ஃபங்ஷன் பாயின்டர் வழியாகப் போகும் அழைப்பு. எங்கே தாவுகிறது என்று இன்ஸ்ட்ரக்ஷனைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கடைசி அழைப்பை ஜம்ப்பாக மாற்றும் ஆப்டிமைசேஷன் நடந்திருந்தால், நிஜ ஃபிரேமையே இந்தச் சோதனை தள்ளிவிடும்.

சரி, எதையும் மறைக்காமல் குறி போட்டுக் காட்டலாமே என்றால், அதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னல் நம்ப முடியாத முகவரிக்கு முன்னால் கேள்விக்குறி போடுகிறது. க்ராஷ் அறிக்கை எடுக்கும் கருவியான பிரேக்பேட், ஒவ்வொரு ஃபிரேமின் கீழும் அது எப்படிக் கிடைத்தது என்று எழுதுகிறது: அட்டவணையிலிருந்தா, ஸ்டாக்கை ஸ்கேன் செய்தா என்று. அதைத்தான் இப்போது எங்கள் டிபக்கரில் பேட்ச்சாக (இன்னும் சேர்க்காத கோட் மாற்றமாக) வைத்திருக்கிறேன். ரிவ்யூவில் அவரையும் சேர்த்தேன். படித்துவிட்டு அவர் எழுதியது ஒரே வரி: "குறி நல்லா இருக்கு அண்ணா, ஆனா இதுவும் கட்டளை கொடுத்தாத்தான் வரும்னா எனக்குப் பழைய கதைதான்."

எப்போதும் வரும்படி வைக்கலாம்தான். என்னைத் தடுப்பது டிக்கெட் பக்கம். எங்கள் க்ராஷ் வகைப்படுத்தும் கருவி பேக்ட்ரேஸின் மேல் சில ஃபிரேம்களில் ஃபங்ஷன் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மற்றதை எல்லாம் உதறிவிடுகிறது. நான் போடும் குறி அங்கேயே காணாமல் போகும். ஊகித்த ஃபிரேமை வைத்து இரண்டு வேறு க்ராஷ்களை ஒன்றாகச் சேர்த்துவிடும், அல்லது ஒன்றை இரண்டாகப் பிரித்துவிடும். மனிதர்கள் ஒட்டும்போதும் அப்படித்தான். பெயரை எடுத்துக்கொண்டு குறியை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் அவருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ஆள் உட்கார்ந்து டம்ப்பைத் திறக்கும்போது, ஊகித்த ஃபிரேம்கள் குறியோடு தானாகவே வரட்டும், கருவிகள் ஸ்கிரிப்ட் வழியாகக் கேட்கும்போது பேக்ட்ரேஸ் அட்டவணை முடிந்த இடத்தில் நிற்கட்டும். ஒரே டம்ப்புக்கு டிபக்கர் இரண்டு பேரிடம் இரண்டு பதில் சொல்லும் என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் பேசிய கொள்கைக்கும் இது ஒத்துவராது. சப்போர்ட்டிலேயே பாதிப் பேர் டம்ப்பை ஸ்கிரிப்ட் வழியாகத்தான் திறக்கிறார்கள் என்று அவர் பதில் அனுப்பியிருக்கிறார். பேட்ச்சை இன்னும் சேர்க்கவில்லை.