தொட்டி மீனைப் படமெடுக்கும்போது

படம் கெடுவது பெரும்பாலும் கேமராவால் அல்ல, கண்ணாடியால். வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உட்புறப் பாசியை முந்தின நாளே சுரண்டிவிடுங்கள். அன்றைக்கே சுரண்டினால் தூசு மிதந்து, படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளாக விழும்.

அறை விளக்கை அணைத்து, தொட்டியின் மேல்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். உங்கள் சட்டை கண்ணாடியில் தெரியாது. லென்ஸைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஒளி விலகி, செதில்களின் ஓரம் மங்கி நிறம் பிரியும். அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் ஆங்கிள் லென்ஸில் ஓரங்கள் இன்னும் மோசம்.

கப்பி மீன் ஒரு நொடி நிற்காது. ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/250 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600-இல் தொடங்கலாம். ஐஎஸ்ஓ கூடியதால் படத்தில் கொஞ்சம் குருணை போன்ற புள்ளிகள் விழுந்தால் பொறுக்கலாம், அசைவில் கலங்கிய கண்ணை எந்த மென்பொருளும் மீட்காது. மலிவான எல்இடியில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்தால் ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள். அப்போது நின்று மிதக்கும் மீனைத்தான் எடுக்க முடியும். மீனைத் துரத்தாதீர்கள். அது திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஃபோகஸை நிறுத்திக் காத்திருங்கள்.

ஃபிளாஷ் வேண்டுமென்றால் தொட்டிக்கு மேலிருந்து. முன்னாலிருந்து அடித்தால் கிடைப்பது ஃபிளாஷின் படம்தான்.