300 டாலருக்கு ஆசைப்பட்டு

நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாம் வருடம் இந்தப் பைத்தியம் பிடித்தது. புதுக் கணக்கு தொடங்கி, 90 நாளுக்குள் சம்பளம் அதில் விழுந்தால் 300 டாலர் போனஸ். சும்மா வருகிற காசுதானே என்று மூன்று வங்கிகளில் தொடங்கினேன்.

இரண்டில் ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் சோம்பல்பட்டு, ஆபீஸில் சொல்லாமல் என் பழைய கணக்கிலிருந்தே 500 டாலர் அனுப்பினேன். அது சம்பளம் ஆகாதாம். போனஸ் இல்லை, மாதம் 12 டாலர் கட்டணம் மட்டும் தவறாமல் பிடித்தார்கள்.

போனஸ் தந்த கணக்குகளை ஆறு மாதத்துக்குள் மூடினால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று, மஞ்சள் சீட்டில் தேதியை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள் மனைவி.

அப்புறம் ஜனவரியில், வட்டி வருமானத்தைக் காட்டும் 1099-ஐஎன்டி என்ற வரிப் படிவம் வந்தது. போனஸும் வட்டி வருமானமாம். வரி கட்டினேன்.

மஞ்சள் சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது.