சந்நிதித் தெரு வீட்டில் இரண்டு நிமிடம்

டிசம்பர் 1, யோகி ராம்சுரத்குமாரின் ஜெயந்தி. அந்த நாளில் திருவண்ணாமலையில் இருக்க வேண்டும் என்று அம்மா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு விடுப்பு கிடைக்காததாலும், கார்த்திகை மழையில் அவருடைய முழங்கால் வலி கூடிவிடுவதாலும் பயணம் தள்ளிக்கொண்டே போனது. இந்த முறை முந்தைய நாள் மாலையே புதுச்சேரியில் பேருந்து ஏறிவிட்டோம். திண்டிவனத்தையும் செஞ்சியையும் கடந்து கீழ்பென்னாத்தூர் வந்ததும் அம்மா ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு மலையைத் தேடத் தொடங்கினார். மழை மேகமும் இருட்டுமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. "பகல் வண்டியில வந்திருக்கலாம்" என்று என்னைப் பார்த்தார். பகல் வண்டி வேண்டாம், வெயில் ஆகாது என்று சொன்னவரும் அவர்தான்.

யோகியாரை அம்மா மூன்று முறை நேரில் தரிசித்திருக்கிறார். நானும் ஒரு முறை தரிசித்திருக்கிறேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் 1986-இல் நடந்த அந்தத் தரிசனத்தின்போது எனக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை என்பதால், அதைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டவைதாம். குருவோடு தமக்குள்ள தொடர்பைப் பக்தர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடத்துக்குப் போகும்போது, சொல்வதற்குச் சொந்தமாக ஒரு நினைவும் இல்லாதவன் என்ற கூச்சம் எனக்கு எப்போதும் உண்டு.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யோகியார் 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று, உத்தரப் பிரதேசத்தில் பலியா அருகே கங்கைக் கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1947-இல் தெற்கே வந்து அரவிந்தர் ஆசிரமத்தையும் ரமண மகரிஷியையும் கண்டார். பின்னர் கேரளத்தில் உள்ள காஞ்ஞங்காடு ஆனந்தாசிரமத்தில் சுவாமி ராமதாசரிடம் 1952-இல் ராம மந்திர உபதேசம் பெற்றார். "அரவிந்தர் தொடங்கினார், ரமணர் சிறிது செய்தார், ராமதாசர் முடித்து வைத்தார்" என்றும், "இந்தப் பிச்சைக்காரன் 1952-இல் ராமதாசரின் பாதத்தில் செத்துவிட்டான்" என்றும் அவர் சொல்வது வழக்கம். தம்மை 'நான்' என்று சொல்லாமல் 'இந்தப் பிச்சைக்காரன்' என்றே குறிப்பிட்டார். 1959-இல் திருவண்ணாமலைக்கு வந்தவர், பகலில் ரயில் நிலையம் அருகே புன்னை மரத்தடியிலும் இரவில் தேரடிப் பக்கம் பாத்திரக் கடைத் திண்ணையிலுமாக ஆண்டுக்கணக்கில் கிடந்தார். கையில் பனையோலை விசிறியும் கொட்டாங்குச்சியும் இருந்ததால் ஊரார் விசிறி சாமியார் என்றார்கள்.

அக்ரகாரக் கொல்லையில் இருக்கும் ஆசிரமத்துக்கு விடியற்காலையிலேயே போய்விட்டோம். 1994 பிப்ரவரியில் ஆனந்தாசிரமத்து சுவாமி சச்சிதானந்தர் அடிக்கல் நாட்டிய இடம் அது. 2001 பிப்ரவரி 20 அன்று யோகியார் உடலை நீத்த பிறகு, அவருடைய சமாதியின் மேல் லிங்கம் பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்கிறது. திண்ணையில் படுத்திருந்தவருக்கு இத்தனை பெரிய மண்டபமா என்று முதல் முறை வந்தபோது எனக்கு ஒரு சிறு முணுமுணுப்பு இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "யோகி ராம்சுரத்குமார், யோகி ராம்சுரத்குமார், யோகி ராம்சுரத்குமார், ஜெய குரு ராயா" என்று சில நூறு பேர் ஒரே சுருதியில் சொல்லும் ஒலி மேற்கூரையில் பட்டுத் திரும்பி நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்போது, அந்த இடத்தின் அளவுக்கு ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றியது. இந்தப் பெயர் இந்தப் பிச்சைக்காரனுடையது அன்று, என் தந்தையுடைய பெயர் என்று யோகியார் சொல்வாராம். தம் பெயரையே பிறர் ஜபிக்கும்படி ஒரு குரு சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு அம்மா இந்த ஒரு வரியைத்தான் பதிலாக வைத்திருப்பார்.

அபிஷேகமும் ஆரத்தியும் அன்னதானமும் முடிந்த பிறகு, வெளித் தாழ்வாரத்தில் பழைய அடியார்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியோ தலைமை தாங்குபவரோ இல்லாமல், ஒருவர் தொடங்க மற்றவர் தொடர, பேச்சு தானாக நடந்தது. நாங்கள் தூணோரம் இடம் பிடித்துக்கொண்டோம்.

முதலில் பேசியவர் நன்றாகப் பேசினார். சற்று அதிகமாகவே நன்றாகப் பேசினார் என்று நினைத்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் பலமுறை சொல்லிச் சொல்லிப் படிந்திருந்தது. நின்றுபோன பேருந்து தானாகக் கிளம்பியது என்ற அவருடைய கதையை நான் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைக் கேட்டு முடித்தபோது பேருந்து நினைவிலிருந்ததே தவிர, யோகியார் இல்லை.

அடுத்துப் பேசியவர் தேரடித் தெருவில் வளர்ந்தவர், இப்போது அறுபதைத் தாண்டிய பெரியவர். சிறுவனாக டீக்கடையில் வேலை செய்தபோது, பாத்திரக் கடைத் திண்ணையில் இருக்கும் சாமியாருக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பது அவர் பொறுப்பாம். "கிளாஸை நீட்டினா வாங்க மாட்டார். கொட்டாங்குச்சியை நீட்டுவார், அதுலதான் ஊத்தணும். சூடா இருக்கு சாமின்னு சொல்லுவேன், சிரிப்பார். எனக்குத் தெரிஞ்ச இந்தி ரெண்டு வார்த்தை, அவருக்குத் தெரிஞ்ச தமிழ் நாலு வார்த்தை. மீதியெல்லாம் சிரிப்புதான்." பழைய செய்தித்தாளும் கடிதங்களும் அடைத்த கோணி மூட்டைகளைப் புன்னை மரத்தடிக்கும் தேரடிக்கும் இடையே தூக்கிச் செல்ல ஆட்கள் இருந்ததையும், ஒருநாள் அவர்களில் ஒருவர் வராததால் தானே ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனதையும் சொன்னார். "அதுல என்ன இருந்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கனம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு." அவர் மகான் என்பது பிறகு ஊரே சொல்லித்தான் தெரிந்ததாம். சிகரெட் புகைக்கிறாரே, இவர் என்ன சாமியார் என்று கடை முதலாளி கேட்டபோது தானும் சேர்ந்து சிரித்ததை அவர் மறைக்காமல் சொன்னார்.

அதன் பிறகு பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் குரல் தாழ்ந்திருந்ததால் எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கணவருக்கு நோய் முற்றி மருத்துவர்கள் கைவிரித்த நிலையில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, யோகியார் அப்போது தரிசனம் தந்துவந்த சந்நிதித் தெரு வீட்டுக்கு வந்திருக்கிறார். யோகியார் யாரிடமும் முதலில் பெயரைத்தான் கேட்பார். இவரிடமும் கேட்டார், கணவரின் பெயரையும் கேட்டார். கேட்டவர் அந்தப் பெயரைத் தமக்குள் மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்தாராம். ஆசிரியைக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. யோகியார் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, உரிக்காமல், திருப்பித் தராமல், இவர் அழுது முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அதை இவர் கையில் வைத்து, "என் தந்தை ஆசீர்வதிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அவர் பிழைக்கலை" என்றார் ஆசிரியை. "இருபத்தோரு நாள் இருந்தார். அந்தப் பழத்துல பாதியை அவருக்குக் கொடுத்தேன், சாப்பிட்டார். எங்க வீட்டுப் பிள்ளைங்க கேக்குறாங்க, அப்புறம் எதுக்கும்மா அங்க போறேன்னு. அவங்களுக்குச் சொல்லத் தெரியலை. என் வீட்டுக்காரர் பேரை அந்த மாதிரி மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

யாரும் "ஆஹா" என்று சொல்லவில்லை. டீக்கடைப் பெரியவர் மட்டும் தம் முன்னால் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். எத்தனையோ அடியார் கூட்டங்களில் நோய் தீர்ந்த கதைகளையும் வேலை கிடைத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். அவற்றில் குருவுக்கும் அடியவருக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும். கேட்டது கிடைக்காத பிறகும் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றால், அந்த வாசலில் அவர் பெற்றது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

யோகியார் மறைந்த பிறகு பிறந்த இளைஞர் ஒருவரும் அங்கே இருந்தார். யோகியார் சிறுவயதில் கிணற்றடியில் விளையாட்டாகக் கயிற்றை வீச, அது பட்டுக் குருவி ஒன்று செத்துப்போனதையும், கங்கை நீரை ஊற்றி அதைப் பிழைக்கவைக்க முயன்று முடியாமல் அன்றிரவு முழுவதும் தூங்காமல் கலங்கியதையும் படித்துத்தான் இங்கே வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்ல இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். சொந்தமாக நினைவு இல்லாதவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிறகு எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். வீட்டில் அரை மணி நேரம் ஓடும் கதையை அம்மா இங்கே எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அந்தக் கதை இதுதான். அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் பேருந்து மாறி மாறி வந்து, சந்நிதித் தெரு வீட்டுக் கம்பிக் கதவுக்கு முன் வரிசையில் நின்று, கடைசியில் உள்ளே போன உடனே நான் வீறிட்டு அழத் தொடங்கினேனாம். விசிறியைக் கண்டு பயந்ததாக ஒரு முறையும், தாடியைக் கண்டு என்று மறுமுறையும் அம்மா சொல்லியிருக்கிறார். யோகியார் என் பெயரைக் கேட்டார், அம்மா சொன்னார், அழுகைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீங்கள் போகலாம்" என்று கையை உயர்த்தி ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். எல்லாம் இரண்டு நிமிடம். அப்பாவுக்குத் தாங்க முடியாத கோபம். இதற்காகவா ஐந்து மணி நேரம் என்று தேரடி வரை என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாராம். அப்பா அதன் பிறகு வரவேயில்லை. அம்மா மட்டும் சித்தியோடு இரண்டு முறை வந்தார். அந்த இரண்டு நிமிடம் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, நான் கல்லூரி போன சமயத்தில் பத்து நிமிடமாகியிருந்தது.

தாழ்வாரத்தில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மூணு தடவை பார்த்தேன். பேர் கேட்டார். சொன்னேன்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். ஆசிரியையின் பேச்சுக்குப் பிறகு தம் கதையின் நீளத்தை அவரே குறைத்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது.

மாலையில் ஆட்டோ பிடித்துச் சந்நிதித் தெரு வீட்டுக்கு வந்தோம். எழுபதுகளின் பிற்பாதியில் அடியார்கள் வாங்கித் தந்த வீடு. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை பெரும்பாலான தரிசனங்கள் இங்கேதான் நடந்தன. ராஜகோபுரத்துக்கு எதிரே கடைகளின் இரைச்சலுக்கு நடுவே இருக்கும் சாதாரண வீடு. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தின் முன் நான்கைந்து பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போய், "இங்கதான்டா உக்காந்திருந்தார். நீ இந்தப் பக்கம் என் தோள்ல" என்று வலப்புற மூலையைக் காட்டினார்.

அங்கே இருந்த மூதாட்டி ஒருவர் கண்ணைத் திறந்தார். "இல்லம்மா, சாமி அந்தப் பக்கம் உக்காருவார். நான் இந்தத் தெருக்காரி, தினம் பார்த்தவ." அம்மா மரியாதையோடு, "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா, ஆனா அன்னிக்கு இங்கதான் இருந்தார்" என்றார். மூதாட்டி தலையை ஆட்டினார். சம்மதமா மறுப்பா என்று தெரியவில்லை. இருவரும் தத்தம் மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். இடையில் இருந்த இடம் காலியாக இருந்ததால், நான் அங்கே உட்கார்ந்தேன்.

வாசலில் யாரோ ஒரு குழந்தை செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அழத் தொடங்கியது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டே, "அழட்டும், உள்ள கூட்டிட்டு வாங்க" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.