உச்சந்தலை இல்லாத படம்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் உடல்வலி குறித்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து நாங்கள் மேற்கொண்ட ஆய்வில், இலங்கை மலையகத்தில் ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்துக்குள் காலடி வைப்பதற்கு முன்பே 14 மாதங்கள் ஓடிவிட்டன. அதில் பெரும்பகுதியைத் தின்றது, மனிதர்களிடம் ஆய்வு செய்வதற்கு இரு நாட்டுக் குழுக்களும் தரவேண்டிய ஒழுக்கநெறி அனுமதிதான். உள்நாட்டு அனுமதிக் கடிதம் வந்தால்தான் எங்கள் குழு கூடும் என்றது அந்தப் பக்கம். நிதி வரும் நாட்டின் அனுமதியை முதலில் காட்டுங்கள் என்றது இந்தப் பக்கம். கடைசியில் ஒரே ஆவணத்தை ஒரே நாளில் இரு குழுக்களுக்கும் அனுப்பி, மற்றக் குழுவின் முடிவுக்கு உட்பட்டதாக அனுமதி தருமாறு கேட்டுக்கொண்டோம். முதல் மாதத்திலேயே இதைச் செய்திருக்கலாம். இத்தகைய வேலையில் இறங்குபவர்கள் இதையாவது குறித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் பயன்படுத்தியது 1987இல் வெளியான நோர்டிக் வினாக்கொத்து. கழுத்து முதல் கணுக்கால் வரை உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு படமும், கடந்த 12 மாதங்களிலும் கடந்த 7 நாட்களிலும் அங்கே நோவு இருந்ததா என்ற கேள்விகளும் கொண்டது. பல நாடுகளில் பயன்பட்ட கருவி என்பதால், எங்கள் பெண்களின் தோள்வலியை வேறொரு நாட்டுத் தொழிலாளியின் தோள்வலியுடன் ஒப்பிட்டுப் பேச முடியும். தனியாகச் செய்திருந்தால் இந்த வசதி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் மொழிபெயர்ப்பில் இடறினோம். நான் முதல் வரைவில் 'தொந்தரவு' என்று எழுதியிருந்தேன். முன்னோட்டத்தில், வேலையில் என்ன தொந்தரவு என்று கேட்டதும் மூன்று பெண்கள் கங்காணியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் கள உதவியாளர்கள் இருவர்தான் அந்த இடத்தில் 'வலி, கடுப்பு, குடைச்சல்' என்று மாற்றினார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேர வேலை என்ற கேள்வியும் அங்கே எடுபடவில்லை. ஒரு நாள் கூலி முழுதாகப் பதிவானால் முழுப் பேர், பாதியானால் அரைப் பேர் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்.

அடுத்த சிக்கல் படத்தில் வந்தது. எங்கே நோகிறது என்று படத்தைக் காட்டிக் கேட்டபோது, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டியிருந்த ஓர் அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. கூடைக் கயிறு அழுந்தும் உச்சந்தலையைத் தொட்டு, "இங்கதான் புள்ள, மொதல்ல" என்றார். ஒன்பது பகுதிகளில் தலை கிடையாது. அன்றிரவு 8.30க்கு, அவர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்கு, நடந்த இணையக் கூட்டத்தில் நான் பத்தாவது பகுதியைச் சேர்க்கச் சொன்னேன். கருவியைத் தொட்டால் ஒப்பீடு கெடும் என்று அங்கிருந்த பேராசிரியர் மறுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாகவே வந்தது. ஒன்பதையும் அப்படியே விட்டு, தலையைத் தனிக் கேள்வியாகக் கடைசியில் கேட்பது என்று முடிவானது. பிறகு அவர், கயிற்றைத் தோளில் மாட்டாமல் ஏன் தலையில் மாட்டுகிறார்கள் என்று கேட்டார். முப்பது வருடம் கொழுந்து பறித்த என் அம்மாவிடம் இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் கேட்டேன். "தோள்ல மாட்டுனா கை எப்படிப் பின்னுக்குப் போகும்?" என்று கொழுந்தைக் கூடைக்குள் எறிவதுபோல் கையை வீசிக் காட்டினார்.

சம்மதப் படிவம்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அது 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற, மருத்துவ ஆய்வில் பங்கேற்பவர்களின் சம்மதத்தை வலியுறுத்தும் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை மேற்கோள் காட்டித் தொடங்கியது. அதே 1964இன் ஒக்டோபரில்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையிலான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏறத்தாழ 975,000 மலையகத் தமிழர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, அவர்களில் ஒருவரிடமும் சம்மதம் கேட்காமல் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. அந்தப் பரம்பரையின் பேத்திகளிடம் நான்கு பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் என்ன நடக்கும்? "கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போனவங்க திரும்பி வந்ததில்ல" என்றார் ஒருவர். வாய்மொழிச் சம்மதத்தைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் பதிவு செய்வதாகத் திட்டத்தைத் திருத்தினோம். இரு குழுக்களின் ஒப்புதலுக்கும் மேலும் இரண்டு மாதங்கள் போயின. அந்தத் தாமதத்துக்காக நான் வருந்தவில்லை.

கட்டுரை எழுதும்போது, 'குடைச்சல்' என்ற சொல்லைத் தந்த இருவரும் நன்றியுரைக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். கட்டுரையாசிரியராகப் பெயர் சேர்க்க மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை அவர்கள் நிறைவு செய்யவில்லை என்பது காரணம். வரைவைத் திருத்தும் வாய்ப்பே தராமல், திருத்தவில்லை என்று எப்படி விலக்குவது என்று கேட்டு எழுதினேன். எதிர்த்தரப்பு வாதாடவில்லை, வரைவு அவர்களுக்கும் போனது. இப்போது நான்காம், ஐந்தாம் ஆசிரியர்கள் அவர்கள்தான். புள்ளியியல் பயிற்சிக்கும் அந்தப் பல்கலைக்கழகமே இணையவழியில் இடம் கொடுத்தது.

முடிவுகளை ஒரு பக்கத் தமிழில் எழுதி, காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் வாசித்தோம். வாசித்து முடித்ததும் அந்த அம்மா, "தலை சேந்துச்சா?" என்று கேட்டார். அது கட்டுரையின் பின்னிணைப்பில் இருக்கிறது. அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், சேர்ந்தது என்று மட்டும் சொன்னேன்.