சளி நெகட்டிவ்னு எழுதிக் குடுத்துட்டேன்

லேப்ல மைக்ராஸ்கோப் முன்னாடியே உக்காந்து பழகின ஆளு நான். நீல கலர் நடுவுல சிவப்பு குச்சி மாதிரி கிருமி தெரிஞ்சா டிபி, தெரியலன்னா நெகட்டிவ், எழுதி அனுப்பிட்டு அடுத்த ஸ்லைடு, ரொம்ப நாள் இப்படித்தான் ஓடுச்சு.

ஒரு பேஷண்ட், எச்ஐவி, எதிர்ப்பு சக்தி எவ்ளோன்னு காட்டுற ரத்த அணு கணக்கு, அதான் சிடி4, வெறும் 38. இருமலே கிடையாது, சாயங்காலமானா லேசா காய்ச்சல், ஆளு மட்டும் உருகிக்கிட்டே போறாரு. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. டப்பால அவர் குடுத்தது சளியே இல்லங்க, நுரை நுரையா எச்சில். பாத்ததுமே எனக்கு தெரிஞ்சுது, ஆனா வந்ததை பாக்குறதுதானே நம்ம வேலைன்னு ஸ்லைடுல தடவி ஸ்மியர் போட்டு நெகட்டிவ்னு குடுத்துட்டேன். பத்து நாள்ல ஸ்ட்ரெச்சர்ல வந்தாரு.

இதுல கொடுமை என்னன்னா, நுரையீரல்ல குழி விழுறதே நம்ம எதிர்ப்பு சக்தி கிருமியோட மல்லுக்கட்டுறதாலதான். சிடி4 இவ்ளோ கீழ போயிட்டா மல்லுக்கட்ட ஆளே இல்ல, குழியும் அவ்வளவா விழாது, சளிலயும் கிருமி கம்மி, ஆனா ரத்தம், கல்லீரல், மண்ணீரல்னு உள்ளுக்குள்ள பரவிக் கிடக்கும். ஸ்மியர்ல தெரியணும்னா ஒரு மில்லி சளில 5,000லேருந்து 10,000 கிருமியாவது வேணும். கிருமியை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் போட்டா 6 வாரம் கூட இழுக்கும், அவருக்கு அவ்ளோ டைம் எங்க?

வார்டு சிஸ்டர்தான் யூரின் கொண்டு வந்து வெச்சு, "லாம் ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்க சார்"ன்னாங்க. கிருமியோட செல் சுவர்லேருந்து வர்ற ஒரு பொருள் யூரின்ல இருக்கான்னு பாக்குற டெஸ்ட், 60 மைக்ரோலிட்டர் போதும், 25 நிமிஷம். ஸ்மியருக்கு நேர்மாறா, சிடி4 குறைய குறைய இது நல்லா பிடிக்கும். கோடு விழுந்துச்சா இல்ல என் கண்ணுதான் ஏமாத்துதான்னு தெரியாத அளவுக்கு மங்கலா ஒண்ணு, கோடு எவ்ளோ அழுத்தமா இருக்கணும்னு காட்டுற ரெஃபரன்ஸ் கார்டை ஒட்டி வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்துட்டு இன்னொரு டெக்னீஷியனையும் கூப்பிட்டேன், கார்டுல இருக்குற முதல் கோடை விட அழுத்தம்தான்னு அவரும் சொன்னப்புறம்தான் பாசிட்டிவ் எழுதினேன். அன்னிக்கு சாயங்காலமே டிபி மருந்து ஆரம்பிச்சாங்க. மறுநாள் அந்த யூரின்லயே, கிருமியோட மரபணுவைத் தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் போட்டோம், அதுலயும் டிபி வந்துச்சு, ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டிபி மருந்துக்கு ரெசிஸ்டன்ஸ் இல்ல, அதாவது மருந்து வேலை செய்யும்.

லாம் நெகட்டிவ்னா டிபி இல்லன்னு யாரும் நினைச்சுடாதீங்க, அதுவும் நிறைய மிஸ் பண்ணும்.

இப்பல்லாம் டப்பால எச்சில் வந்தா ரிப்போர்ட்ல "சளி அல்ல, உமிழ்நீர்"னே எழுதிடறேன், சிடி4 கம்மின்னா வார்டுக்கு போன் போட்டு யூரின் அனுப்ப சொல்றேன். சில டாக்டருங்களுக்கு கடுப்பு, லேப்காரன் எதுக்கு வைத்தியம் பாக்குறான்னு.